முன்னால் போனவர்கள்

கதவைத் திறந்த தோனா எர்மெலிந்தா சிரிக்கவில்லை. குழந்தைகளின் கையிலிருந்த துணிப்பைகளைப் பார்த்தாள். பிறகு இவோனைப் பார்த்தாள். பிறகு தலையை வெளியே நீட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஆண்டவர் பேரால ரொட்டி!" என்று ஃபிலிப்பாவும் சல்வடோரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஒரு வாரமாகக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து பழகிய கத்தல்.

"மறுபடியுமா?" என்றாள் தோனா எர்மெலிந்தா.

இவோன் சிரித்தாள். "மறுபடியுமா? இதுதாங்க எங்களுக்கு முதல் வீடு."

"இப்பத்தானேம்மா வந்துட்டுப் போனீங்க. ஆளுக்கு ஒரு தேன் பன்னும் ஒரு மாதுளையும் குடுத்தேன். நீகூட அந்த கேட்டுக்கிட்ட நின்னுட்டிருந்த. உள்ள வாம்மான்னேன், காதுல விழாத மாதிரி நின்ன." பேசிக்கொண்டே உள்ளே போய் இரண்டு அக்ரூட் கொட்டைகளோடு திரும்பி வந்தாள். "சரி, சரி. இன்னிக்குக் கேட்டு வர்ற பிள்ளைங்களுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது."

பைகளுக்குள் கொட்டைகள் தொப்பென்று விழுந்தன. கதவு சாத்திக்கொண்டது.

"அம்மா, அந்தப் பாட்டிக்கு வயசாயிடுச்சா?" என்றாள் ஃபிலிப்பா.

"ஆமாடா செல்லம். மறதி."

மறதியாகத்தான் இருக்க வேண்டும் என்று இவோன் நினைத்துக்கொண்டாள். ஆனால் மறதிக்காரர்கள் கொடுத்ததைத்தானே மறப்பார்கள், கொடுக்காததை எப்படி இவ்வளவு விவரமாக ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று உடனேயே தோன்றியது. அதை அவள் மனதுக்குள்ளேயே தள்ளிவிட்டாள். அனைத்துப் புனிதர் திருநாளின் காலை, இறந்தவர்களை நினைத்துப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ரொட்டியும் பண்டமும் கேட்கிற நாள். நல்ல மூடுபனி. மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன ஊரின் ஓடுகளும் கல் சுவர்களும் பாலில் நனைத்த மாதிரி மங்கிக் கிடந்தன. எல்லாப் புகைபோக்கியிலிருந்தும் ஒலிவ விறகுப் புகை தாழ்ந்து இறங்கித் தெருவில் படுத்திருந்தது. அதோடு சோம்பு போட்டு வேகும் பன்னின் வாசனையும், எங்கோ பீப்பாய்களில் புளித்துக்கொண்டிருந்த திராட்சைச் சக்கையின் காட்டமும், கல்லறைக்குக் கொண்டுபோக வாசல்தோறும் வாளிகளில் ஊறப்போட்ட சாமந்தியின் கசப்பும் கலந்து அடித்தன. அது பசியைக் கிளப்பியது.

இவோன் லிஸ்பனில் வளர்ந்தவள். போன வருஷம் இதே நாளில், "என் பிள்ளைங்க வீடு வீடாப் போய்ப் பிச்சை எடுக்காது" என்று சொல்லிக் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியம் மதியத்துக்குள் ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. ஒரு வருஷமாக ரொட்டிக்கடையில் அவளிடம் மட்டும் பேச்சு குறைவு. இந்த வருஷம் அவள் கணவன் டெல்மோ கூரை வேலையில் விழுந்து காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். "நீயே கூட்டிட்டுப் போ. அதுங்களுக்கு ஆசை. மத்தியான மணி அடிச்சா ஒருத்தரும் கதவு திறக்க மாட்டாங்க, அதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்துடு" என்றான். அவளே உட்கார்ந்து பழைய திரைச்சீலையை வெட்டி, எலுமிச்சை மஞ்சளில் பூப்போட்ட அந்த இரண்டு பைகளையும் தைத்தாள்.

இரண்டாவது வாசல் ஆர்லிந்தோவின் காப்பிக்கடை. கடைக்கு விடுமுறை என்றாலும் பாதிக் கதவு திறந்திருந்தது. வயிறு குலுங்கச் சிரிக்கிற மனுஷன்.

"என்னம்மா இது, போன வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து வசூல் பண்றியா?" என்றான். "இப்பத்தானே ரெண்டு கை நிறைய மிட்டாய் அள்ளிக் குடுத்தேன்!"

இவோனுக்குக் காது சூடாகியது. "யாருக்குக் குடுத்தீங்க?"

"இதுங்களுக்குத்தான். இந்தப் பையிலதான்." மஞ்சள் பூவைத் தொட்டுக் காட்டினான். "பொண்ணு நன்றின்னு சொல்லிச்சு. பையன்தான் வாயே திறக்கல."

"என் பையன் வாயை மூடி நான் பார்த்ததே இல்ல," என்றாள் இவோன். அந்த நேரம் சல்வடோர், "எனக்கு ஒண்ணுக்கு வருது" என்று உரக்கச் சொன்னான். ஆர்லிந்தோ சிரித்தான். ஆனால் சிரித்து முடிந்ததும் சல்வடோரின் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தான்.

அப்படியென்றால் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். சுவரோரமாகச் சல்வடோரின் கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே அவள் அதைத் தீர்மானித்தாள். ஊரே கூடி அவளுக்குப் பாடம் கற்பிக்கிறது. பிச்சை என்று சொன்னாயே, இப்போது வாசல் வாசலாக நில் என்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்றும் அவளுக்குத் தெரியும். துல்சினா. டெல்மோவின் அக்கா. போன வருஷம் குழந்தைகளுக்காகச் சுட்டு வைத்த பன்கள் அப்படியே ஆறிப்போனதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. தெரு முனையில் அவள் வீடு இருந்தது.

இவோன் குழந்தைகளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு அங்கே போனாள்.

துல்சினா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். மூக்கு சிவந்திருந்தது. உண்மையான ஜுரம், நடிப்பு இல்லை.

"அக்கா, போதும். நான் தப்பாத்தான் பேசினேன், ஒத்துக்கறேன். குழந்தைங்களை வெச்சு விளையாட வேண்டாம்."

"யாருடி விளையாடறது?" துல்சினாவின் குரல் உடைந்தது. "நான் உன்னைக் கேக்கணும். உலர்ந்த அத்திப்பழத்தை எடுத்து வெச்சுக் காலையிலேர்ந்து காத்துட்டிருக்கேன். வந்தீங்க. பிள்ளைங்க வாசல்ல நின்னு வாங்கிக்கிச்சு, நீ அந்தச் சுவர்கிட்ட முதுகைக் காட்டிட்டு நின்ன. இவோன், இவோன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்! ஒரு தடவை திரும்பினியா? சரி, இன்னும் கோவம் போகலன்னு நினைச்சுக் கதவைச் சாத்திட்டு அழுதேன்."

அவள் கண்கள் நிஜமாகவே வீங்கியிருந்தன.

துல்சினா குனிந்து சல்வடோரின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"என்ன இப்படிச் சில்லுனு இருக்கான்?" என்றாள். பிறகு மெதுவாக, "அப்பவும் தொட்டேனே. அவன் கதகதன்னு இருந்தான்."

தெருவுக்கு வந்ததும் இவோன் தன் கையுறைகளைக் கழற்றி மகனின் கைகளில் மாட்டினாள். அவன் விரல்கள் ஈரக் கல் மாதிரி இருந்தன. பனி இன்னும் இறங்கியிருந்தது. ஒலிவ எண்ணெய்ச் செக்கு இருக்கும் வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. செக்கின் கூரையிலிருந்து நீர் சொட்டியது. அதற்கு நடுவில் இன்னொரு சத்தம். ஈர இலைகளின் மேல் சின்னக் காலணிகள் நடக்கிற சத்தம்.

"அம்மா, அங்க பாரு," என்றாள் ஃபிலிப்பா.

வளைவில் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். நீல மேல்கோட்டு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழந்தை. பெரிய குழந்தையின் கையில் ஆடிய பை கனத்துத் தொங்கியது. அந்த மங்கலிலும் அதிலிருந்த மஞ்சள் பூக்கள் தெரிந்தன.

இவோன் தன் கோட்டின் நீலக் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க! கொஞ்சம் நில்லுங்க!"

அந்தப் பெண் நிற்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. குழந்தைகளோடு நடக்கிறவர்கள் நடப்பது போலவே, நின்று நின்று, பேசிப் பேசிப் போனாள். இவோன் ஓடினாள். சல்வடோரைத் தூக்கிக்கொண்டு, ஃபிலிப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தூரம் குறையவில்லை. அந்தச் சின்னப் பையன் மட்டும் திரும்பிப் பார்த்தான். சல்வடோர் அவள் தோளிலிருந்து கையை ஆட்டினான். அவன் ஆட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கத்துக் கை ஆடியிருந்தது.

பிறகு வளைவில் சுவர்தான் இருந்தது.

"யாரும்மா அவங்க?" என்று ஃபிலிப்பா கேட்டாள். அவள் பயப்படவில்லை. அதுதான் இவோனுக்குப் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பெண்.

"யாரோ. வா, வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் பை நிறையலையே. நீதானே நிறைய வீடு போலாம்னு சொன்ன?"

வீட்டுக்குப் போகிற வழியில்தான் ஸுல்மிராவின் வீடு. அவள் பெண்ணும் ஃபிலிப்பாவும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஊரில் இவோனோடு சிரித்துப் பேசுகிற ஒரே பெண் ஸுல்மிரா. அவளிடம் சொல்லலாம். அவள் கேலி செய்ய மாட்டாள். இவோன் கதவைத் தட்டினாள்.

ஸுல்மிரா திறந்தாள். மாவு படிந்த கைகள்.

"ஸுல்மிரா, ஒரு நிமிஷம் உள்ள வரட்டுமா? எனக்கு என்னவோ மாதிரி..."

"யாருங்க நீங்க?"

இவோன் சிரிக்க முயன்றாள். "நீயுமா? விளையாடாத, ப்ளீஸ்."

"எந்த ஊர்லேர்ந்து வரீங்க?" ஸுல்மிரா கதவை அகலத் திறக்கவில்லை. முகத்தில் கேலி இல்லை. தெரியாதவர்களிடம் காட்டுகிற மரியாதை மட்டும் இருந்தது. அவள் பெண் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. ஃபிலிப்பாவைப் பார்த்தது. பார்த்தவுடன் அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"ஆண்டவர் பேரால ரொட்டி," என்றாள் ஃபிலிப்பா. கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

ஸுல்மிரா இரண்டு பன்களை எடுத்துக் கை படாமல் பைகளுக்குள் போட்டாள். போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்தது.

இவோன் சுவரில் சாய்ந்து நின்று போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே டெல்மோ எடுத்தான். பின்னணியில் சிரிப்புச் சத்தம். பாத்திரச் சத்தம்.

"டெல்மோ, நீ உடனே..."

"ஹலோ? யார் பேசறீங்க? போனைக் கண்டெடுத்தீங்களா?" குரலில் அத்தனை சந்தோஷம். "ரொம்ப நன்றிங்க. என் பொண்டாட்டி எங்கயோ தொலைச்சுட்டா. இப்பத்தான் பிள்ளைங்களோட வீட்டுக்குள்ள நுழைஞ்சா. இருங்க, அவகிட்டயே குடுக்கறேன்."

யாரோ போனை வாங்கினார்கள்.

பேச்சு இல்லை. மூச்சு மட்டும். ஓடி வந்தவள் விடுகிற மூச்சு. இவோன் தன் மூச்சை நிறுத்திப் பார்த்தாள். அந்தப் பக்கமும் நின்றது.

போன் அணைந்தது.

அவள் ஓடினாள். இரண்டு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவர்கள் கனக்கவே இல்லை. இரண்டு வெற்றுக் கோட்டுகளைப் பிடித்திருப்பது போல. கோயில் சுவர். குழாயடி. சாமந்தி வாளிகள். பச்சைக் கதவு. தன் வீடு.

சாவி திரும்பியது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் வீட்டில் பகலில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை.

தட்டினாள். கையை விரித்து அடித்தாள்.

கோலை ஊன்றுகிற சத்தம் நெருங்கியது. டக். டக். கதவு திறந்தது. டெல்மோ. முன்தலையில் கலைந்த முடி, காலில் மாவுக்கட்டு, அதில் ஃபிலிப்பா நேற்று வரைந்த சூரியன். அவன் முதலில் குழந்தைகளைப் பார்த்தான். அவன் முகம் கனிந்தது. வாசலில் வந்து நிற்கிற எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அவன் முகம் அப்படித்தான் கனியும்.

"அடடே. எந்த வீட்டுப் பிள்ளைங்கடா நீங்க?"

"டெல்மோ," என்றாள் அவள். "நான்தான். என்னைப் பாரு."

அவன் அவளைப் பார்த்தான். கூச்சத்தோடு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீங்க ரொம்ப தூரத்துலேர்ந்து வரீங்க போல," என்றான். "குளிரா இருக்கு. சீக்கிரம் போய்ச் சேருங்க."

நீங்க.

அவன் தோளுக்கு மேலாக நடையும், நடைக்கு அப்பால் சமையலறையும் தெரிந்தன. மேஜை மேல் மாதுளை, மிட்டாய், அத்திப்பழம் எல்லாம் கொட்டிக் கிடந்தன. இரண்டு தலைகள் அதன் மேல் கவிழ்ந்திருந்தன. அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற ஒருத்தி சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "யாரு வாசல்ல?" என்றாள். இவோனின் குரல். லிஸ்பன் இழுப்போடு.

"யாரும் இல்ல. பிள்ளைங்க."

"குடுத்து அனுப்பிடு. மணி அடிக்கப் போகுது."

டெல்மோ சட்டைப்பையிலிருந்து சுட்ட செஸ்நட்டுகளை எடுத்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி பைகளில் போட்டான். சூடான கொட்டைகள். பனியில் ஆவி எழுந்தது. இவோன் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் கதவு வந்துவிட்டது. மெதுவாகத்தான். மரியாதையாகத்தான்.

கோயில் மணி அடித்தது.

தெரு நெடுகிலும் தாழ்ப்பாள்கள் விழுந்தன. ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. சமையலறை ஜன்னலுக்கு ஒருத்தி வந்தாள். வெளியே பார்க்காமல், தலை குனிந்தபடியே மரப் பலகைகளை இழுத்துச் சாத்தினாள்.

"ஃபிலிப்பா," என்றாள் இவோன். "சல்வடோர். இங்க வாங்க. அம்மாகிட்ட வாங்க."

குழந்தைகள் வாசற்படியிலிருந்து இறங்கினார்கள். அழவில்லை. ஃபிலிப்பா இவோனின் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்தாள். மேலே, பனிக்குள், வீடுகளே இல்லாத பக்கம் திரும்பினாள். கொஞ்சம் நடந்தாள். பிறகு நின்று, தெரியாத பெரியவர்களிடம் பேசச் சொல்லிக்கொடுத்த அந்த அடக்கத்தோடு, இவோனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாங்க அடுத்த வீட்டுக்குப் போறோம்," என்றாள். "நீங்களும் வரீங்களா?"