ஒன்றிலிருந்து ஐந்துக்குள்...

ட்ரிங்... ட்ரிங்...

மறுமுனையில் யாரோ போனை எடுத்தார்கள்.

பெண்கள் உதவி மையத்து ஆபரேட்டர் அட்டையைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பித்தாள். ஆறு வருஷப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பினாலும் இதைத்தான் சொல்வாள்.

"வணக்கம். பெண்கள் உதவி மையத்துலேர்ந்து பேசறோம். உங்க கணவர் அடிக்கிறதா நேத்து புகார் கொடுத்திருந்தீங்க. எங்க சேவை திருப்தியா இருந்துச்சா? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு மார்க் சொல்லுங்க."



பதில் சொன்னது... ஓர் ஆண் குரல்!

"அஞ்சே போட்டுக்கங்க மேடம்."

டொக்!

ஆபரேட்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

புகார் வந்த மறுநாளே திரும்பக் கூப்பிட்டு மார்க் வாங்க வேண்டும். மேலிடத்து உத்தரவு. புருஷன் எடுத்தால் என்ன பேசுவது என்று அதில் ஒரு வரி கிடையாது!

"அண்ணே! வண்டியை எடுங்க!"

மீட்பு ஜீப்பின் டிரைவர் குடித்த டீயைப் பாதியில் வைத்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"அந்தப் பொண்ணைப் புருஷன்கிட்டயே போட்டுக் கொடுத்தாச்சுண்ணே!"

"அடப்பாவி! யாரு?"

"நான்தான்!"

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். கியர் கறகறவென்று ஏதோ சொன்னது.

"ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். வர்றாங்களாம்... அடிச்சிருப்பானாண்ணே?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரும்மா."

"இந்த வாயை வெச்சுத்தாண்ணே ஆறு வருஷமா சம்பளம் வாங்கறேன்..."

பன்னிரண்டு நிமிடம். மூன்றாவது மாடி.

தடால்! தடால்!

யாரோ உள்ளேயிருந்து கதவை இடித்தார்கள். தாழ்ப்பாள் வெளியே போட்டிருந்தது!

"அடைச்சுப் போட்டுட்டுப் போயிட்டான், படுபாவி!"

ஆபரேட்டர் தாழ்ப்பாளில் கை வைத்தாள்...

"தொடாதீங்க!"

படிக்கட்டில் ஒரு பெண். கையில் துடைப்பம், ஓங்கியபடி.

"உள்ள இருக்கறது அவ இல்லை. அவன்! போனை வெச்சதுமே பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைக்க ஆரம்பிச்சான். சத்தம் கேட்டுச்சு. ஓடிவந்து தாழ்ப்பாளைப் போட்டுட்டோம்."

"அப்போ... அவங்க?"

"கீழ, என் வீட்டுல. விடிஞ்சதுமே வந்துட்டா."

புகார் கொடுத்தவள் மெல்லப் படியேறி வந்தாள். நெற்றியில் பழைய வீக்கம். புதிதாக ஒன்றும் இல்லை.

ஆபரேட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அழுகையும்.

"மன்னிச்சிடுங்கம்மா. போனை அவர் எடுப்பார்னு நான்..."

"நான்தான் வேணும்னு விட்டுட்டு வந்தேன் மேடம்."

"என்னது!"

"எடுத்துட்டு வந்தா போனை வெச்சே நான் இருக்கற இடத்தைக் கண்டுபிடிச்சிடுவார். நீங்க வேற கூப்பிடுவீங்க. அதனால, புகார் கொடுத்தா மறுநாள் காலைல மொத வேலையா வீட்டை விட்டு வெளில வந்துடணும். இந்தக் கட்டடத்துப் பொம்பளைங்க எல்லாம் கூடிப் பேசி முடிவு பண்ணினது."

"நான் கூப்பிடுவேன்னு எப்படித் தெரியும்?"

"கீழ் வீட்டு அக்காவைப் போன மாசம் கூப்பிட்டீங்களே... அவங்க வீட்டுக்காரர் எடுத்தார். நீங்க சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, பேசாம வெச்சுட்டார்."



பேசாமல் வைத்துவிடுபவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கெல்லாம் அவளே அஞ்சு போட்டுவிடுவாள். கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. போன மாதம் எல்லாமே அஞ்சு. மையத்துக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். வாங்கியது இவள்தான். சிரித்துக்கொண்டே.

"கீழ் வீட்டு அக்கான்னா..."

துடைப்பம் வைத்திருந்தவள் அதைச் சுவரில் சாத்திவிட்டு நெருங்கி வந்தாள்.

ஆபரேட்டர் ஓரடி பின்வாங்கினாள். முதுகு கதவில் முட்டியது.

"அட, பயப்படாதீங்க மேடம். கடிச்சிட மாட்டேன்!"

வாய்விட்டுச் சிரித்தாள் அவள். முன்வரிசையில் இரண்டு இடம் காலி.

"கடிக்கிற பல்லைத்தான் நீங்க கூப்பிட்ட அன்னிக்கே அவர் தட்டிட்டாரே!"