எழுநூறு சுற்றுக்கு மேல்

நிமிஷத்துக்கு எழுநூறு சுற்றுக்கு மேல் மோட்டார் போகக்கூடாது என்று கம்ப்யூட்டரில் வரம்பு போட்டிருந்தாள் இராமலட்சுமி. ஆனாலும் திரையில் பச்சைக் கோடுகளாய்ச் சுற்றிய உருளை அதைத் தாண்டிவிட்டது.

கண்ணைக் கசக்கிக்கொண்டாள். சாரல் விட்டபாடில்லை. இலஞ்சிப் பட்டறையில் மத்தியானமே இருட்டிக் கிடந்தது. ஊறிய தேங்காய் மட்டையின் நாற்றமும், ஓட்டிலிருந்து ஓயாமல் சொட்டும் நீரும், விடாத முதுகுவலியும் சேர்ந்து அவளை நாற்காலியில் அமிழ்த்தின. திரையில் அவள் ஓட்டிப் பார்த்தது, மட்டையடித்து நார் எடுக்கும் புது இயந்திரத்தின் வரைபடம். சாயங்காலம் அடுத்த கொட்டகையில் நிஜ இயந்திரத்தை ஓட்டி, கையால் மட்டை கொடுக்கப்போகிறவன் அவள் புருஷன் அய்யாக்குட்டி.

"அண்ணாச்சி, வேகம் வரம்ப மீறிப் போவுது. இன்னைக்கு ஓட்ட வேண்டாம்."

முதலாளி நமசிவாயம் குடையை உதறினார். "வேலை சீக்கிரம் முடியட்டும்னு நீதானம்மா வரம்ப எடுத்துட்டு ஓட்டுவ? திருப்பிப் போட மறந்திருப்ப."

உண்மைதான். மெட்ராஸிலிருந்து வந்த அந்த மந்தப் பெட்டி திரையில் உருளையை ஒரு சுற்று சுற்றுவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். "இன்னைக்குப் போட்டுட்டேன் அண்ணாச்சி."

"பொட்டிக்குள்ள ஓடுதது மனுசன அடிக்குமா? மிசின வாங்க பாவூர்சத்திரத்துக்காரரு வாராரு. மூஞ்சியக் கழுவிட்டு வா."

அவர் போய்விட்டார்.

கை எட்டுமா என்று பார்க்க, உருளையருகே ஓர் ஆள் உருவம் வரைந்திருந்தாள். அய்யாக்குட்டி உயரம். அதற்கு அசைவு கொடுக்கவில்லை.

அது குனிந்தது. கையை நீட்டியது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. எண்ணூறு. ஆயிரம்.

அடுத்த கொட்டகைச் சுவரைத் தட்டிக் கத்தினாள். "ஏங்க! மோட்டார நிறுத்துங்க!"

"ஏட்டி, என்ன கூப்பாடு?" அய்யாக்குட்டியின் குரல். "பெல்ட்டே மாட்டல. கரண்டு போயி எவ்வளவு நேரமாச்சு! சும்மா பீடி குடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

மூச்சு வந்தது. சுவரில் சாய்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

மின்விசிறி நின்றிருந்தது. விளக்கு அணைந்திருந்தது.

திரை மட்டும் எரிந்தது. அதில் ஆள் உருவத்துக்கு முழங்கைக்குக் கீழே கோடில்லை.

சுவருக்கு அப்பால் அதே குரல், இப்போது களைப்பாக: "லட்சுமி... இங்கன கொஞ்சம் வாயேன்."

ஓடினாள். பெல்ட் ஆணியில் தொங்கியது. உருளை அசையவில்லை. அதன் வாயருகே அய்யாக்குட்டி. கை முழங்கை வரை உள்ளே. சத்தமில்லை. ரத்தமில்லை.

"வலிக்கவே இல்லட்டி," என்றான்.

தோள் போயிற்று. கழுத்து சாய்ந்தது. நின்றுகொண்டிருந்த உருளைக்குள் அவன் மட்டும் போய்க்கொண்டே இருந்தான்.