கரட்டுவலசின் நீலம்

கரட்டுவலசுப் பேருந்து நிறுத்தத்தில் நீர்க்கம்பத்தின் விளக்கு அன்றும் நீலமாகத்தான் எரிந்தது. ஆழ்நோக்கி வந்த பிறகு எல்லா ஊர்களிலும் இப்படி ஒரு கம்பம் உண்டு. பூமிக்குள் அதிர்வை அனுப்பி, பாறை இடுக்குகளில் கிடக்கும் தண்ணீரைத் திரையில் காட்டும் கருவி ஆழ்நோக்கி. கண்டதை நிறமாக்கிக் கம்பத்துக்கும் அனுப்பிவிடும். நீலம் நிறைவு; சிவப்பு வறட்சி. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் கம்பத்தைத்தான் பார்த்தார்கள்.

சுற்று வட்டாரத்தில் அப்போது நீலம் எரிந்தது கரட்டுவலசில் மட்டும். அதற்காக அந்த ஊர் கரும்பை விட்டது, வாழையை விட்டது, ஊரையொட்டிய கரட்டுக் குன்றின் சரிவெங்கும் வரப்புக் கட்டி மழையை நிறுத்தியது. ஊராட்சித் தலைவர் மயிலாத்தாள் தன் தென்னந்தோப்பையே காயவிட்டவர்.

நிலநீர் மதிப்பீட்டாளர் ரெஜினா வந்தது அந்தத் தண்ணீரை அளக்க. கரட்டின் அடிவாரத் தரிசில் பெரிய குடியிருப்பு ஒன்று கட்டத் திட்டம். முப்பது ஆண்டுக்குத் தண்ணீர் உண்டு என்று ஆழ்நோக்கி சொன்னால்தான் சட்டம் அனுமதிக்கும். ஊருக்கு அதில் விருப்பமில்லை. அத்தனை வீடு வந்தால் சேர்த்த தண்ணீர் என்னவாகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

திட்டம் முதலில் பக்கத்துப் புதூருக்குத்தான் போனது. புதூர்க்காரர்கள் அளவு எடுப்பதற்கு முந்தைய வாரம் எல்லா மோட்டாரையும் போட்டுத் தண்ணீரை ஓடையில் விட்டார்கள். கம்பம் சிவந்தது, திட்டம் இங்கே நகர்ந்தது.

கரட்டுவலசு நேர்மாறாகச் செய்தது. விருந்தாளி வருமுன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல, மதிப்பீட்டாளர் வருகிறார் என்றதும் கிணறுகளை உறங்கவிட்டது. ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. துணிகளை மூட்டை கட்டி ஆற்றுக்கு எடுத்துப்போனார்கள். இதைக் கேட்ட ரெஜினா தலைவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கருவியை இயக்கினார்.

திரையில் நீலம் பரவியது. பாறைக்குப் பாறை, இடுக்குக்கு இடுக்கு, ஓரம்வரை. அப்படி ஒரு நிறைவை அவர் எங்கும் பார்த்ததில்லை. சுற்றி நின்ற கூட்டம் திரையை நெருங்கி வந்தது.

"புதூர்க்காரன் இதப் பாத்தான்னா வயிறெரிஞ்சே போயிருவான்" என்றார் ஒருவர், தாழ்ந்த குரலில்.

ரெஜினா தலைவரைக் கம்பத்தடிக்குத் தனியாக அழைத்துப்போனார்.

"கருவி இருக்கிறதைத்தான் பாக்கும். யாரு சேத்தாங்க, எதுக்குச் சேத்தாங்கன்னு அதுக்குத் தெரியாது. மறு அளவு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, தலைவரம்மா. அதுக்குள்ள மோட்டாரெல்லாம் ஓடினா நான் ஏன்னு கேக்கப்போறதில்ல."

மயிலாத்தாள் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். அதன் நீலம் அவருடைய வெள்ளைச் சேலையில் விழுந்திருந்தது.

"இதுல செவப்பு எரியோணுமுங்களா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

ஒரு பேருந்து வந்து, ஆளிறக்கி, போனது.

"என்ற தோப்பு காஞ்சது இந்த நெறத்துக்குத்தானுங்க அம்மிணி. உள்ளத எழுதுங்க."

ரெஜினா உள்ளதை எழுதினார்.

அனுமதி கிடைத்தது. வீடுகளுக்கு முன்பதிவு தொடங்கிய காலையில் விளம்பரப் பலகையில் அதே கம்பம், அதே நீலம். வரிசை பேருந்து நிறுத்தத்தையும் தாண்டி நீண்டது. முன்னால் நின்றவர்கள் பாதிப்பேர் புதூர்க்காரர்கள். ஓடையில் விட்ட தண்ணீர் திரும்பவில்லை. அதன் பிறகு மழையும் ஏய்த்துவிட்டது. அவர்கள் ஊர்க் கம்பம் சிவப்பிலேயே நின்றுவிட்டிருந்தது.

"உங்கூருத் தண்ணியக் குடிக்கலாம்னு வந்துட்டமுங்க ஆத்தா" என்று ஒருவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

மயிலாத்தாள் விளக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"குடிங்க. இந்த மாதிரித் தண்ணி உங்களுக்கு வேறெங்க கெடைக்கும்?"

பெருமையாகத்தான் சொன்னார். அடிவாரத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கான முதல் போர் வண்டி துளையிடத் தொடங்கியிருந்தது.