காட்டுக்குள் புகுந்த ஆறு

மழை ஓய்கிற சமயத்தில் ஜாந்தீராவின் ஊரில் யாரும் காட்டுக்குள் நடந்து போக மாட்டார்கள். படகில்தான் போவார்கள். அமேசான் ஆறு கரையேறி வந்து மரங்களைக் கழுத்துவரை மூழ்கடித்திருக்கும். கோடையில் ஜாந்தீரா அண்ணாந்து பார்த்த குருவிக்கூடு இப்போது அவள் மூக்குக்கு நேரே இருந்தது!

மோட்டார் படகை ஓட்டியது அவளுடைய அம்மா ரைமுண்டா. நடுவில் டாக்டர் ஓட்டாவியோ தன் நீளமான கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை. மீன்களை ஆராய்பவர். பழமும் கொட்டையும் தின்னும் மீன்களைத் தேடி, பத்து நாளாக ஆற்றில் பயணம் செய்து வந்திருந்தார்.

டப்!

தலைக்கு மேலே ரப்பர் மரத்துக் காய் ஒன்று வெடித்தது. கொட்டைகள் தண்ணீரில் சிதறின. கறுத்த பெரிய மீன் ஒன்று மேலே வந்து கவ்வியது. கடக்!

"கடிக்கிற சத்தம் கேட்டுச்சா?" டாக்டர் மூச்சுவிட மறந்துபோனார். "மேல குரங்கு திங்குது, கீழ மீன் திங்குது. ரெண்டுக்கும் ஒரே மரம்!"

"அதோட பல்லைப் பாக்கணும் நீங்க. எங்க மாமா பல்லு மாதிரியே இருக்கும்" என்றாள் ஜாந்தீரா.

"இன்னும் ஒரே ஒரு மரம் பாத்துடலாமா?" என்று கேட்டார் டாக்டர்.

ஒரு மரம் பத்து மரமானது. திரும்பலாம் என்று அம்மா படகைத் திருப்பியபோது வானம் மூடியிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி தண்ணீர்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா பல்லைக் கடித்தாள். "இந்த மரத்துல இருக்கிற கரையான் கூட்டைத்தானே அப்பவும் பாத்தோம்? சுத்திச் சுத்தி இங்கயேதான் வர்றோம்."

டாக்டர் சட்டென்று திசைகாட்டியை எடுத்தார். "வடக்கு இந்தப் பக்கம்!"

"ஆறு எந்தப் பக்கம்னு சொல்லுமா அது?" என்று அம்மா கேட்டாள்.

"அது... சொல்லாது." அவர் அதை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டார். "என்னாலதான் இப்படி ஆச்சு."

"பெட்ரோல் வேற தீரப்போகுது" என்றாள் அம்மா. அவள் குரல் நடுங்கியதை ஜாந்தீரா அதற்கு முன் கேட்டதே இல்லை.

ஜாந்தீரா அருகிலிருந்த மரத்தையே உற்றுப் பார்த்தாள். "அம்மா, மோட்டாரை நிறுத்தேன்."

"நிறுத்திட்டு?"

"நிறுத்தும்மா, சொல்றேன்."

சத்தம் நின்றது. காடு அவர்களைச் சூழ்ந்துகொண்டது. எங்கேயோ தூரத்தில் குரங்குக் கூட்டம் ஒன்று புயல்போல உறுமியது.

"மரத்துல ஈரச்சேறு பாரு. தண்ணிக்கு மேல ஒரு சாண் இருக்கு. அப்படின்னா வெள்ளம் இறங்குது. இறங்குற தண்ணி ஆத்துக்குத்தானே போகணும்?"

"தண்ணி அசையவே இல்லையேடி!"

உண்மைதான். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. ஜாந்தீரா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு பிடி வறுத்த மரவள்ளி மாவை அள்ளினாள்.

"அடியே! நம்ம சாப்பாடு!"

அதற்குள் மாவைத் தூவிவிட்டாள். மஞ்சள் நிற மாவு அப்படியே மிதந்தது. குட்டி மீன்கள் ஓடிவந்து பாதியைத் தின்றுவிட்டன.

"நல்லா விருந்து வச்சே போ!" என்றாள் அம்மா.

"இரும்மா..."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மிச்ச மாவு எறும்பு வரிசைபோல மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு மரங்களுக்கு நடுவே நகர்ந்தது.

"போகுது!" என்று டாக்டர் கத்தினார். படகே ஆடியது.

அம்மா துடுப்பைப் போட்டாள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் ஜாந்தீரா மாவைத் தூவினாள். டாக்டரும் கை நிறைய அள்ளினார்.

"ஒரு சிட்டிகை போதும் டாக்டர்! மீனுக்கா ஊட்டப் போறீங்க?"

டப்பாவின் அடி தெரிந்தபோது, மரங்களுக்கிடையே வெளிச்சமும் தெரிந்தது. கடைசிக் கிளையை ஜாந்தீரா விலக்கினாள்.

ஆறு!

அக்கரையே தெரியாமல், வானம் வரைக்கும் விரிந்து கிடந்தது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்த வெயில் அதன்மேல் பொன்னாக ஓடியது. இளஞ்சிவப்பு ஆற்று டால்பின் ஒன்று எழுந்து, 'புஸ்ஸ்' என்று மூச்சுவிட்டு முழுகியது.

பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆறுதான். ஆனாலும் ஜாந்தீராவுக்கு இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

அம்மா மோட்டாரை முடுக்கக் கையை நீட்டினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டு, படகைக் கொஞ்ச நேரம் அப்படியே மிதக்கவிட்டாள்.