அஞ்சுகத்தின் ஐந்து இடங்கள்

தேர்வு முடிவு வெளியான மறுநாள் காலை, செவ்வூர்ப் பெற்றோர்கள் வழக்கம்போல் பிள்ளைகளை எலும்பு நிறுக்க அழைத்துக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க் கிரகத்தில் கல்லூரிக்கு விண்ணப்பம் போட இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று மதிப்பெண். இன்னொன்று எலும்பெண். அங்கே எதற்கும் பூமியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான். சுமக்க வேலை இல்லாததால் எலும்புகள் சோம்பேறியாக வளரும். நூற்றுக்கு எழுபது இருந்தால் பூமியில் சொந்தக் காலில் நிற்கலாம். அதற்குக் கீழே என்றால் தாங்குடை போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை இறுக்கிப் பிடித்து, ஆளை நிறுத்தி வைக்கிற உலோகச் சட்டை அது.

ஆனாலும் எல்லோருக்கும் பூமிதான் வேண்டியிருந்தது. "பையன் பூமியில படிக்கிறான்" என்று சொல்லும்போது செவ்வூர்த் தகப்பன்மார்களின் குரல் ஒரு சுருதி ஏறும். அந்தப் பையன் மூன்று வருடமாகத் தாங்குடைக்குள் நின்றபடியே தூங்குகிறான் என்பது பேச்சில் வராது.

வார்டு அலுவலகத்தின் ஏழாம் கவுன்ட்டரில் இருந்த இயந்திரத்துக்கு வழிச்சொல்லி என்று பெயர். ஒவ்வொரு மாணவரிடமும் ஐந்து கல்லூரிகளின் பெயரை வாங்கி, முத்திரையிட்டு அனுப்புவது அதன் வேலை. ஐந்துக்கு மேல் அனுமதி கிடையாது. ஐந்தும் கைவிட்டால் இரண்டு வருடம் தூசிப்படை. சூரியத் தகடுகளின் மேல் படியும் சிவப்புத் தூசியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். துடைக்கப் போனவர்களில் படிக்கத் திரும்பியவர்கள் சொற்பம்.

கேட்டால் மட்டுமே வழிச்சொல்லி ஆலோசனை சொல்லும். சட்டம் அப்படி. பத்தொன்பது வருட சேவையில் அதனிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பக்கத்து வீட்டுப் பையன் எதைப் போட்டிருக்கான்?"

அன்று பதினோரு மணிக்கு, தூசி வண்டி ஓட்டும் கோதண்டம் தன் மகள் அஞ்சுகத்தோடு கவுன்ட்டருக்கு வந்தார். அவள் மதிப்பெண் ஆயிரத்துக்கு ஐந்நூற்று எண்பது. எலும்பெண் நாற்பத்தொன்று. வழிச்சொல்லி இரண்டையும் ஒரு நொடியில் படித்து, பெருமூச்சு விடும் வசதி தனக்கு இல்லாததால் சும்மா இருந்தது.

"வணக்கம். ஐந்து இடங்களைச் சொல்லுங்கள்."

"பூமியில ரெண்டு போடுப்பா முதல்ல," என்றார் கோதண்டம். "மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்பா, செத்த இருங்க." அஞ்சுகம் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தாள். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் நிரம்பியிருந்தது. "நான் சில விஷயம் கேக்கணும். சொல்வீங்களா?"

"கேட்டால் சொல்வேன்."

"ஐந்நூத்தைம்பதுலேருந்து அறுநூறுக்குள்ள வாங்கிச் சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் படிச்சு முடிச்சாங்க? காலேஜ் வாரியா வேணும்."

வழிச்சொல்லி நான்கு நொடிகள் தன் கோப்புகளைத் துழாவியது. நொடிக்குப் பல கோடிக் கணக்குகள் போடும் இயந்திரத்துக்கு அது ஒரு யுகம். அந்த விவரம் அதனிடம் இருந்தது. பத்தொன்பது வருடமாக இருந்தது. யாரும் கேட்டதில்லை.

"பூமியில், உங்கள் அப்பா மனதில் இருக்கும் கல்லூரிகளில், நூற்றுக்குப் பதினொரு பேர்."

"பதினொண்ணா?" என்றார் கோதண்டம்.

"மீதிப் பேர் என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அஞ்சுகம். "பாதியில நின்னு பூமியிலேயே தங்கிட்டவங்கள்ல இருபத்தாறு பேருக்குச் செய்தி அனுப்பினேன். கேள்வி போக இருபது நிமிஷம், பதில் வர இருபது நிமிஷம். ராத்திரி பகலா உக்காந்து வாங்கினேன்."

"முடித்தவர்களைக் கேட்கவில்லையா?" வழிச்சொல்லிக்கே தெரியாமல் அது கேள்வி கேட்டுவிட்டது.

"முடிச்சவங்க பெருமை பேசுவாங்க. நின்னவங்கதான் காரணம் சொல்வாங்க."

அந்த வாக்கியத்தை வழிச்சொல்லி தன் நிரந்தர நினைவகத்தில் போட்டுக்கொண்டது. அப்படிச் செய்யச் சொல்லி அதற்கு உத்தரவு எதுவும் இல்லை.

அதன்பிறகு கேள்விகள் சரசரவென்று வந்தன. கட்டணம் முதல் வருடத்துக்கு மட்டும் குறைவா, கடைசிவரை அதேதானா? தாங்குடை வாடகை கட்டணத்தில் சேர்த்தியா, தனியா? தனிதான் என்றது வழிச்சொல்லி. அது கல்லூரிக் கட்டணத்தைவிட அதிகம் என்பதையும் சொன்னது. விடுதியில் இடம் நிச்சயமா? அரியர் வைத்தால் எத்தனை தடவை எழுத விடுவார்கள்? ஒவ்வொரு பதிலையும் தாளில் குறித்துக்கொண்டாள்.

"ஏம்மா, சேர்றதுக்கு முன்னாடியே அரியரா?" கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல வார்த்தை சொல்லேன்."

"நல்ல வார்த்தை சொன்னா பாஸ் பண்ணிடுவேனாப்பா?"

பக்கத்துக் கவுன்ட்டர் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

தாளின் கடைசியில் ஐந்து பெயர்கள், பக்கத்தில் குறிப்புகளோடு, இருந்தன. ஐந்தும் செவ்வாயிலேயே உள்ள கல்லூரிகள். படிப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: நீர்மீட்புப் பொறியியல். குவிமாட நகரங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஆயிரம் தடவை சுத்தமாகித் திரும்பி வருகிறது. வீட்டில் அந்த இயந்திரம் மக்கர் பண்ணும்போதெல்லாம் கழற்றி மாட்டுகிறவள் அஞ்சுகம்தான். முதலாவது அவள் மதிப்பெண்ணுக்குச் சற்று எட்டாத கல்லூரி. அடுத்த மூன்று, அவளைப் போன்றவர்கள் சேர்ந்து முடித்தவை. ஐந்தாவது குழியூர்.

"குழியூரா!" கோதண்டம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஒரு பெரும்பள்ளத்தின் அடியில் இருந்த கல்லூரி அது. வேறெங்கும் கிடைக்காதவன் குழியில் விழுவான் என்று ஊரில் ஒரு கிண்டல் உண்டு. "உங்க அத்தை என்னை உயிரோட புதைச்சிருவா."

"குழியூர்ல என்னை மாதிரி நூறு பேர் சேர்ந்தா எத்தனை பேர் முடிக்கிறாங்க?" அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே வழிச்சொல்லியைக் கேட்டாள்.

"எழுபத்து நான்கு."

"முதலாவது ஆசைக்கு. கடைசி நிச்சயத்துக்கு. நடுவுல மூணும் நியாயத்துக்கு. கிடைக்கவே கிடைக்காதுன்னு தெரிஞ்ச இடத்துக்கு ஒண்ணைக்கூட வீணாக்க முடியாதுப்பா. இருக்கறதே அஞ்சு."

தாளை வழிச்சொல்லியிடம் கொடுத்துவிட்டு, எலும்புச் சான்றிதழில் முத்திரை வாங்க அவள் மூன்றாம் கவுன்ட்டருக்குப் போனாள். வழிச்சொல்லி அவள் போவதைத் தன் ஒற்றைக் கண்ணால் தொடர்ந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு வாங்கிய மேதைகள் பல பேரை அது பார்த்திருக்கிறது. தன் ஐந்நூற்று எண்பதை இப்படிக் கூசாமல் நேருக்கு நேர் பார்த்த ஒருவரை அதுவரை பார்த்ததில்லை.

அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கோதண்டம் கவுன்ட்டரின்மேல் கவிழ்ந்தார்.

"இந்தா, வழிச்சொல்லி. அஞ்சாவதை மட்டும் மாத்திடு. பூமின்னு ஒண்ணு போடு. அவளுக்குச் சொல்ல வேணாம்."

வழிச்சொல்லியால் மறுக்க முடியாது. பதினெட்டு நிறையாத பிள்ளைக்குப் பெற்றவர் கட்டைவிரல்தான் செல்லும். விரல் வைக்கும் தகடு பச்சையாய் ஒளிர்ந்து காத்திருந்தது.

"மாற்றலாம், ஐயா. மாற்றினால் அந்த வரியில் அவர் எழுதியிருப்பது அழிந்துவிடும். அழிப்பதை ஒருமுறை படித்துக் காட்டுவது விதி."

"படி, படி. சீக்கிரம். வந்துடுவா."

"குழியூர். நிச்சயம் கிடைக்கும். விடுதி உண்டு. கட்டணம் கடைசிவரை ஏறாது, அதனால் அப்பா வண்டியை விற்க வேண்டாம். அரியரை அடுத்த மாதமே எழுதலாம். நான் வைப்பேன். கணக்கில் இரண்டு."

கோதண்டத்தின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. வண்டியை விற்கப் போவதாக அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வாங்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் உண்மை.

"நான் வைப்பேன்னு எழுதியிருக்காளா?"

"எழுதியிருக்கிறார், ஐயா."

"கழுதை," என்றார். "கணக்குல வைக்கத்தான் வைப்பா. எட்டாவதுலேருந்து வைக்கிறா." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஒண்ணையும் மாத்தாதே. அப்படியே அனுப்பு," என்று சொல்லி விரலைத் தகட்டில் அழுத்தினார்.

நாற்பதாம் நாள் பதில்கள் வந்தன. முதல் கல்லூரி இல்லை என்றது. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது காத்திருக்கச் சொன்னது. நான்காவது இடம் தந்தது, விடுதி தரவில்லை. குழியூர் இடமும் விடுதியும் தந்து, கட்டணத்தில் கால் பங்கையும் தள்ளியது. கட்டணம் குறைக்க முடியுமா என்று விண்ணப்பத்திலேயே கேட்டிருந்த ஒரே ஆள் அவள்தான். அந்தக் கேள்வியே பிடித்துப் போனதாக கல்லூரி முதல்வர் கைப்பட எழுதியிருந்தார்.

அவள் கணித்ததில் ஒன்றே ஒன்று தவறியது. கணக்கில் இரண்டு அல்ல, மூன்று அரியர். மூன்றையும் எழுதித் தீர்த்து, நான்கு வருடத்தில் பட்டத்தோடு வெளியே வந்தாள். அவள் குழியூருக்குப் போன அதே வருடம் பூமிக்குப் போன செவ்வூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குள் இடுப்பு ஒடிந்தோ, வாடகை கட்ட முடியாமலோ திரும்பி வந்து தூசி துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கும் ஐந்து வருடம் கழித்து, செவ்வூர்ப் பெருங்குவிமாடத்தின் நீர்மீட்பு நிலையம் நின்றுபோனது. நாற்பதாயிரம் பேருக்கு ஒன்பது நாள் தண்ணீர்தான் கையிருப்பு. பூமியில் படித்த நிபுணர்கள் பூமியிலிருந்து உதிரிப்பாகம் வரவழைக்கச் சொன்னார்கள். வர ஏழு மாதம் ஆகும். குழியூரில் உதிரிப்பாகமே கிடையாது. உடைந்ததைச் சொருகியும் கட்டியும் ஓட்டுவதுதான் அங்கே பாடத்திட்டம். அஞ்சுகம் ஆறாம் நாள் மாலை குழாயில் தண்ணீர் வரவழைத்தாள். இருபத்தாறு வயதில் செவ்வூரின் தலைமை நீர்ப்பொறியாளர் ஆனாள்.

செவ்வூர் சும்மா இருக்குமா? அவள் முகம் சுவரெல்லாம் ஏறியது. அவள் போட்ட ஐந்து பெயர்களையும் எவனோ எப்படியோ தேடி எடுத்து, நாற்பத்தொன்று என்ற அவள் எலும்பெண்ணோடு சேர்த்து வெளியிட்டான். 'அஞ்சுகம் பட்டியல்' என்று அதற்குப் பெயராயிற்று. அதைச் சொல்லிக் கொடுக்க மூன்று பயிற்சி மையங்கள் முளைத்தன. சொல்லிக் கொடுக்க ஐந்து பெயர்களைத் தவிர ஒன்றுமில்லாத பாடத்துக்கு ஆறு மாத வகுப்பு நடந்தது.

அடுத்த பருவத்தில் ஏழாம் கவுன்ட்டருக்கு வந்தவர்கள் ஒருவர்கூடப் பூமியின் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அதே ஐந்தை, அதே வரிசையில் சொன்னார்கள். குழியூரின் கட் ஆஃப் தொள்ளாயிரத்து அறுபதுக்கு ஏறியது. இப்போது அஞ்சுகமே விண்ணப்பித்தால் அவளுக்குக் குழியூரில் இடம் கிடையாது.

வழிச்சொல்லி தன் வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் கேட்காமல் ஒரு செய்தி அனுப்பியது. 'உங்கள் பட்டியலை எல்லோரும் எழுதுகிறார்கள். என்ன செய்யட்டும்?'

அஞ்சுகத்திடமிருந்து உடனே பதில் வந்தது. 'அது எனக்கு வந்த விடை. அவங்களுக்குக் கேள்வியைக் குடுங்க.' கூடவே பன்னிரண்டு கேள்விகளை ஒழுங்காக அடித்து அனுப்பியிருந்தாள். வார்டு அலுவலகமும் அனுமதித்தது. யார் வந்தாலும் முதலில் அந்தத் தாளை நிரப்ப வேண்டும் என்று ஆணை வந்தது. வழிச்சொல்லிக்கு மனித குலத்தின்மேல் ஒரு புது நம்பிக்கை பிறந்தது.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் வார்டு உறுப்பினர் சபாநாதன். கூட மகள் இளவேனில். மதிப்பெண் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. எலும்பெண் எண்பத்தெட்டு. செவ்வாயில் பிறந்து, பூமியின் கடற்கரையில் தாங்குடை இல்லாமல் ஓடக்கூடிய கால்கள். இப்படி ஒரு பிள்ளை செவ்வூரில் பத்து வருடத்துக்கு ஒன்று பிறந்தால் அதிகம். அவளைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளப் பூமியில் நான்கு கல்லூரிகள் தயாராக இருந்தன.

"அஞ்சுகம் பட்டியல். அஞ்சும் அதே வரிசை," என்றார் சபாநாதன், உட்காராமலேயே.

"முதலில் இந்தக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும், ஐயா. அஞ்சுகம் அவர்களே தயாரித்தது."

சபாநாதன் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடடே, அவங்க கைப்பட்டதா? பயிற்சி மையத்துல இதை யாரும் சொல்லவே இல்லையே. கேளு, கேளு."

"முதல் கேள்வி. மாணவருக்கு என்ன படிக்க ஆசை?"

"கடல்," என்றாள் இளவேனில். கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் பளிச்சென்று வந்தது. "கடலியல்."

"நீர்மீட்புன்னு போடு," என்றார் சபாநாதன். "ரெண்டும் தண்ணிதானே?"

"ஐயா, செவ்வாயில் கடல் இல்லை. பூமியில்தான்..."

"அடுத்தது என்ன?"

வழிச்சொல்லி அடுத்த கேள்விக்குப் போனது.

"மாணவரின் எலும்பெண்?"

"எண்பத்தெட்டு," என்றாள் இளவேனில்.

சபாநாதன் மகளை ஓர் அதட்டுப் பார்வை பார்த்துவிட்டு, கவுன்ட்டர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாற்பத்தொண்ணுன்னு எழுதிக்க. அந்தம்மாவுக்கு அதுதானே ராசியா இருந்தது?"