கண் திறவாத கொற்றவை

மேற்கு மலைத்தொடருக்குப் பின்னால் கதிரவன் செந்தழலாய் இறங்கிக்கொண்டிருந்த வேளையில், ஏழு கோபுரங்களைத் தலையில் சுமந்து நின்ற வரையாட்டுக்குன்றத்தின் உச்சித் தெருவில், கோயில் காண வந்த சிற்பி என்று சொல்லிக்கொண்டு விடங்கன் நடந்தான். வாசகர்களே, அவன் சிற்பியல்லன். அடிவாரக் காட்டில் பதுங்கியிருந்த சேனையின் ஒற்றன். கோட்டைக்குள் படை நுழைய ஒரு மறைவழியைக் கண்டறிவது அவன் பணி. அகப்பட்டால் கழுமரம். வாயிலில் நட்டிருந்த கழுவில் காகங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

கொற்றவை கோயிலின் சிற்பக்கூடத்தில் கோட்டைத்தலைவர் மழவராயர் அவனை மறித்தார்.

“சிற்பியாரே! வெறும் வாய்தானா, கையும் உண்டா? இந்த அம்மன் முகத்தில் ஓர் உளி போடும், பார்ப்போம்.”

விடங்கன் உளியை எடுத்தான். முகத்தில் வேலை மிச்சமிருந்த இடம் கண்கள் மட்டுமே. இடக்கண்ணில் உளிமுனையை வைத்தான்.

கூடத்திலிருந்த முப்பது உளிகளும் ஒருசேர நின்றன.

சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை. விரதமிருந்த தலைமைச் சிற்பி விடியலில், திரைக்குள் தனியே செய்வது. விடங்கனுக்கு அது தெரியாது. எதில் தவறினோம் என்று விளங்கவில்லை. தவறிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. முப்பது வாய்களில் ஒன்று திறந்தால் போதும்.

“ஏன் நிறுத்திவிட்டார்கள்?” மழவராயரின் கை வாள்பிடிக்குப் போயிற்று.

தலைமைச் சிற்பியின் மகள் நங்கை விரைந்து வந்து விடங்கனின் மணிக்கட்டைப் பற்றினாள்.

“விருந்தாளி உளி எடுத்தால் நாங்கள் கை நிறுத்துவது மரபு, பிரபு. ஆனால் இவர் உளி பிடிக்கும் அழகுக்கு அம்மன் மூக்கே போய்விடும். கல்சில்லு சுமக்கட்டும்!”

சிற்பிகள் சிரித்தார்கள், சிரித்தாக வேண்டியிருந்தது. மழவராயரும் சிரித்தபடி அகன்றார்.

உளியை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையைச் சுமந்து அவள் பின்னே மதிலோரம் சென்றான். சில்லுகளைக் கொட்ட அங்கே ஒரு சிறு திட்டிவாசல் இருந்தது. அதன் கீழே, ஆண்டாண்டாய்க் கொட்டியவை அடிவாரம்வரை சரிந்து கிடந்தன. ஆள் இறங்கலாம். ஏறவும் செய்யலாம்.

“என்னை ஏன் காப்பாற்றினீர், நங்கையே?”

“உமக்காக என்று நினைத்துவிடாதீர். உம் கச்சையின் முடிச்சு எங்கள் ஊர் முடிச்சு. நாங்கள் அங்கிருந்து கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்டவர்கள். அம்மனுக்குக் கண் திறந்ததும் எங்கள் கைகளை வெட்டப்போகிறார்கள். இப்படியொரு சிலை வேறெங்கும் எழக்கூடாதாம்.”

“கண் திறப்பு என்றைக்கு?”

“பௌர்ணமி விடியலில்.”

“அதற்குள் இவ்வழியே படையோடு வருவேன்.” இடுப்பிலிருந்த உளியை உருவினான். “இந்த உளிமேல் ஆணை!”

அவள் உளியைப் பிடுங்கிக்கொண்டாள். “உளிக்கும் உமக்கும் ஆகாது. உம் உயிர்மேல் ஆணையிடும்.”

இட்டான். சரிவில் இறங்கும்போது நிமிர்ந்து பார்த்தான். கிழக்கே நிலா எழுந்திருந்தது. முழுவட்டத்துக்கு ஒரு நகக்கீற்றுதான் குறைவு.