விளக்குக்கு வராத பூச்சிகள்

"பொழுது சாயுற நேரத்துல, பின்கட்டுல அவர் தட்டு அலசுற சத்தம் கேக்குது. போய்ப் பார்த்தா தட்டு காஞ்சு கெடக்கு," என்றாள் வந்தவள்.

துப்பறிவாளர் குறுக்கிடவில்லை. அவருடைய மைத்துனன்தான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

ஓடையில் என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன என்று தட்டில் அலசிப் பார்த்துத் தண்ணீரின் தரம் சொல்பவர் அவள் கணவர். பத்து நாள் முன்பு, ஓடையில் பூச்சி பிடித்துக் கரையேறும்போது, பலர் பார்க்க, பாறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். மறுநாளே, சாயப்பட்டறைக் குழாய்க்குக் கீழேயும் தண்ணீர் சுத்தம் என்று அவர் பெயரில் அறிக்கை வந்தது.

"தெருவுல எல்லாப் புள்ளைக்கும் வயித்து வலி. பொய் எழுதிட்டுச் செத்தாருன்னு முகத்துக்கு நேரா சொல்றாங்க. அவர் எழுதினாரா, இல்லையா? அது மட்டும் தெரியணும்."

"உங்க வீடு எங்கம்மா?" என்றார் துப்பறிவாளர்.

"குழாய்க்குக் கீழ, ஓடைக்கரையில."

"விளக்குப் போட்டா பூச்சி வருதா?"

"முன்னெல்லாம் காலையில இறக்கையைக் கூட்டி அள்ளுவேன். இப்ப ஒண்ணுகூட வர்றதில்ல."

"நிம்மதிதானே?" என்ற மைத்துனனை அவர் ஒரு பார்வை பார்த்தார்.

மூவரும் அவள் கணவர் வேலை பார்த்த ஆய்வகத்துக்குப் போனார்கள். அதன் தலைவர், கடைசி நாளில் கணவர் பிடித்த பூச்சிகள் இருந்த இரண்டு ஸ்பிரிட் புட்டிகளை எடுத்து வைத்தார். பட்டறைக் குழாய்க்கு முன்பே வரும் இடமான 'பாலத்துக்கு மேலே' என்று ஒட்டியிருந்ததில், சாக்கடையிலும் வாழும் சிவப்புப் புழுக்கள் மட்டும். 'குழாய்க்குக் கீழே' என்பதில் மூன்று வால் முளைத்த குட்டிப் பூச்சிகள் நிறைய.

"மாமா, இது சுத்தமான தண்ணியிலதானே வாழும்?" என்றான் மைத்துனன், ஏமாற்றத்தோடு.

"ஆமா. வளர்ந்தா இறக்கை முளைச்சு விளக்கைத் தேடி வரும். கீழே இவ்வளவு இருந்தா இவங்க வீட்டுக்கு ஒண்ணாவது வரணுமே?" தலைவரிடம் திரும்பினார். "நீங்க ஓடையில இறங்கினது உண்டா?"

"எனக்கு எதுக்குங்க அந்த வேலை? கையெழுத்துப் போடவே நேரமில்ல."

"அதான் மாட்டிக்கிட்டீங்க. வெளியே ஒட்டினது நனைஞ்சா உரிஞ்சிடும். ஓடையில இறங்குறவங்க இன்னொரு சீட்டை எழுதிப் புட்டிக்குள்ளேயே போட்டுடுவாங்க. மை ஸ்பிரிட்ல கரையும், அதனால பென்சில்ல. நீங்க வெளிச்சீட்டை மட்டும் மாத்திட்டீங்க."

தலைவர், "பட்டறைக்காரர் கெஞ்சிக் கேட்டாரு..." என்று இழுத்தார். அதைக் கேட்க யாருக்கும் பொறுமையில்லை.

துப்பறிவாளர் இடுக்கியால் புழுக்களுக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். கணவரின் கையெழுத்து.

'குழாய்க்குக் கீழே. சிவப்புப் புழு மட்டும். இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று இன்றே வீட்டில் சொல்ல வேண்டும்.'

அவள் இரண்டு முறை படித்தாள்.

"இதைச் சொல்லத்தான் தினம் வந்தாரா? இன்னிக்குக் காலையிலகூட அந்தத் தண்ணியத்தான் புள்ளைக்குக் குடுத்தேன்," என்று அழுதாள்.

வீட்டுக்குப் போனதும் குடத்தைக் கவிழ்த்தாள். அன்று பொழுது சாய்ந்தது. பின்கட்டில் சத்தம் கேட்கவில்லை. ஒரு தடவையாவது கேட்காதா என்று, விளக்கைக்கூட ஏற்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.